31220-ஆவது லைனும் எங்க ஊர் ஃபயர் ஹாலும்

கனடால வரிக் கணக்கு காட்டற மார்ச் மாசம் வந்துட்டா புதன்கிழமை ட்ரெயினிங் முடிஞ்ச கையோட நான் எங்க ஊர் ஃபயர் ஹால், அதாவது தீயணைப்பு நிலையத்தோட மாடி ரூம்ல லேப்டாப்ப தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். நான் அக்கவுண்ட்ஸ் வேலை பாக்கறவன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நாலஞ்சு பேர் அவங்கவங்க டி4-ங்கற வருஷ சம்பளப் பேப்பர எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க, யாராவது ஒருத்தர் காபி போடுவார், கீழ கழுவி காயப் போட்ட ஹோஸ் வாசனை மாடி வரைக்கும் ஏறி வரும், ஈரமும் டீசலும் கலந்த ஒரு வாசனை, இத்தனை வருஷத்துல அது எனக்கு வீட்டு வாசனை மாதிரி ஆயிடுச்சு.

போன வாரம் எங்க க்ரூலயே சின்னப் பையன் வந்தான். பத்தொன்பது வயசு. காலேஜ் போறான், மீதி நேரத்துல மளிகைக் கடைல ஷெல்ஃப் அடுக்கறான். போன வருஷம் எங்களுக்கு வந்த அவசர அழைப்புல, நாங்க கால்னு சொல்றதுல, பாதிக்கு மேல வந்து நின்னவன். எங்க ஹால் தலைவர், சீஃப், குடுத்த லெட்டர் கையில இருந்துச்சு, இவர் இந்த வருஷம் 200 மணி நேரத்துக்கு மேல சேவை பண்ணிருக்கார்னு கையெழுத்துப் போட்ட லெட்டர், அத ஒரு மடிப்பு கூட விழாம ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தான். நான் வரி ஃபார்ம்ல வாலண்டியர் தீயணைப்பு வீரர்களுக்கான சலுகை இருக்கற 31220-ஆவது லைனுக்குப் போய் 6,000-னு அடிச்சேன். அவன் ஸ்க்ரீன் மூலைல தெரியற ரீஃபண்ட் நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தான். நம்பர் அசையல. "சேவ் ஆகலயோ"ன்னான். காரணம் எனக்குத் தெரியும், இருந்தாலும் அழிச்சுட்டு மறுபடி அடிச்சேன். அசையல.

அன்னிலருந்து மனசு கேக்கல, அதான் இத எழுதறேன்.

கனடால வாலண்டியர் ஃபயர்ஃபைட்டர்னு ஒரு விஷயம் இருக்கறதே நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியாது. டொராண்டோ, ப்ராம்ப்டன், மிஸிஸாகானு பெரிய ஊர்ல இருக்கறவங்க அவசரத்துக்கு 911 அடிச்சா முழுநேர சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க ஸ்டேஷன்லருந்தே கிளம்பி வருவாங்க. அங்கருந்து ஒரு ரெண்டு மணி நேரம் வடக்க வண்டி ஓட்டி வந்தீங்கன்னா கதையே வேற. இங்க ஸ்டேஷன்ல ஆளே இருக்க மாட்டாங்க. வண்டி மட்டும்தான் நிக்கும். பேஜர் அடிச்சா ப்ளம்பர் ப்ளம்பிங்க போட்டுட்டு வருவார், ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க வருவாங்க, பால் பண்ணைக்காரர் வருவார், நான் எக்ஸெல் ஷீட்ட மூடிட்டு வருவேன். சும்மா நாலு ஊர்ல இருக்கற ஏற்பாடுன்னு நெனச்சுடாதீங்க, இந்த நாட்டுல இருக்கற தீயணைப்பு வீரர்கள்ல 71 சதவீதம் பேர் இப்படித்தான், தலைக்கணக்குல 90,000 பக்கம் வரும். மேப்ப விரிச்சுப் பாத்தா இந்த நாட்டுல சின்ன ஊர்ல பெரும்பாலானதுக்கு காவல் இந்த வாலண்டியருங்கதான்.

நான் சேந்தது 2021-ல. கோவிட் சமயத்துல ஆபீஸ் வீட்லருந்தேன்னு ஆனதும் டொராண்டோ பக்கம் வாடகை கட்டி மாளலன்னு இங்க வீடு வாங்கிட்டு வந்தோம். வந்த மூணாவது மாசம் ஹால் வாசல்ல ஒரு போர்டு, ஆட்கள் தேவைன்னு. கார நிறுத்திட்டுப் போய்க் கேட்டேன். ஏன் நிறுத்தினேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் பொறந்தது தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம், சின்ன வயசுல எங்க தெருவுல ஒரு கூரை வீடு பத்திக்கிச்சு, பங்குனி வெயில், காத்து வேற. டவுன்லருந்து வண்டி வர நேரமாகும்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் கூப்பிடல, குளத்துலருந்து வரிசையா நின்னு குடம் குடமா கை மாத்தினாங்க, எங்க அம்மா அந்த வரிசைல நின்னாங்க, ஆம்பளைங்க ஈரச் சாக்க போத்திக்கிட்டு பக்கத்து வீட்டு கீத்த தொரட்டி போட்டு இழுத்து கீழ தள்ளினாங்க, நெருப்பு அடுத்த கூரைக்குத் தாவக் கூடாதுன்னு. எரியற வீட்ட விட்டுட்டு எரியாத வீட்டப் பிரிக்கறாங்களேன்னு எனக்கு அப்ப புரியல. இங்க ட்ரெயினிங்ல முதல் மாசமே அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க, போனத விடு, போகப் போறத காப்பாத்துன்னு. ஆனா அதே அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னப்ப, "ஏண்டா, அந்த ஊர்ல தீயணைக்க ஆளே இல்லியா, பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு நீ எதுக்குடா போற?"ன்னுதான் கேட்டாங்க. அந்த ஊர்ல நிஜமாவே ஆள் இல்லம்மான்னு சொன்னேன், நம்பல.

சரி, சலுகை விஷயத்துக்கு வரேன்.

2011-ல ஜிம் ஃப்ளாஹெர்ட்டி நிதியமைச்சரா இருந்தப்ப ஃபெடரல், அதாவது மத்திய அரசு, பட்ஜெட்ல முதல் தடவையா வாலண்டியர் ஃபயர்ஃபைட்டருக்குன்னு தனியா ஒரு வரிச் சலுகை கொண்டு வந்தாங்க. வருஷத்துக்கு 200 மணி நேரம் சேவை பண்ணிருந்தா 3,000 டாலர் காட்டலாம். 3,000 கைல வரும்னு அர்த்தம் இல்ல, அதுல 15 சதவீதம், அதாவது 450 டாலர் வரில குறையும். பதிமூணு வருஷம் அது அப்படியே கெடந்துச்சு, விலைவாசி எங்கயோ போயிடுச்சு, இது மட்டும் நகரல. என்டிபி கட்சி எம்பி கார்ட் ஜான்ஸ் அத 10,000 ஆக்கணும்னு சி-310-ன்னு ஒரு மசோதா கொண்டு வந்தார், நாடு முழுக்க சின்னச் சின்ன கவுன்சில்லாம் ஆதரவா தீர்மானம் போட்டு அனுப்பினாங்க. கடைசில 2024 பட்ஜெட்ல 6,000 ஆக்கினாங்க. 15 சதவீதம்னா 900 டாலர். தேடுதல் மீட்பு வேலைல இருக்கற வாலண்டியர்களுக்கும் அதே தொகை, அவங்களுக்கு லைன் நம்பர் 31240.

900 டாலர 200 மணி நேரத்தால வகுத்தீங்கன்னா மணிக்கு நாலரை டாலர். நெறைய பேர் 200 மணிக்கு ரொம்ப மேல போயிடறாங்க, அவங்களுக்கு இன்னும் கம்மி. ஆனா நான் குறை சொல்ல வரல, 2024-ல அது வந்த அன்னிக்கு எங்க ஹால்ல கை தட்டினாங்க, நானும் தட்டினேன். யாரோ தலைநகர் ஒட்டாவால உக்காந்து நம்மள நெனச்சிருக்காங்கன்னு ஒரு சந்தோஷம், அது நெஜம்.

ஆனா கணக்கு பாக்கறவனுக்கு ரெண்டு இடத்துல உறுத்துது.

ஒண்ணு, இந்த மாதிரி சலுகையெல்லாம் அடிமட்ட வரி விகிதத்தோட கட்டிப் போட்டிருக்கு. 2025 நடுவுல அந்த விகிதத்த 15-லருந்து 14-க்கு குறைச்சாங்க, எல்லாருக்கும் வரி கொறஞ்சுது, நல்ல விஷயம், ஆனா கூடவே சலுகையோட மதிப்பும் சத்தமில்லாம இறங்கிடுச்சு. 2025-க்கு சராசரியா 14.5, அப்ப 870 டாலர். 2026-லருந்து 840. இதப் பத்தி பெருசா யாரும் பேசல, சாஃப்ட்வேர்ல நம்பர் மாறினப்பதான் நானே கவனிச்சேன்.

ரெண்டாவதுதான் அந்தப் பையன் விஷயம். இது திருப்பித் தராத சலுகை. நீங்க கட்ட வேண்டிய வரி இருந்தாதான் அதுலருந்து கழிக்கும், வரியே இல்லன்னா இது சும்மா ஒரு காகிதம், அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெச்சுக்கவும் முடியாது. 2025-ல 16,129 டாலர் வரைக்கும் யாருக்கும் ஃபெடரல் வரி கெடையாது. அந்தப் பையன் சம்பாதிச்சது 13,000 சொச்சம். அவனுக்கு இந்த 6,000-ஓட மதிப்பு பூஜ்யம். அதே ஹால்ல அதே டிரக்ல அவன் பக்கத்துல உக்காந்து வர்ற ஒருத்தர், நல்ல கம்பெனில மேனேஜர், அவருக்கு முழுசா 870. அவர் நல்ல மனுஷன், அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா புதுசா ஆள் சேக்கறதுக்குன்னு ஒரு சலுகை குடுத்துட்டு, சேரப் போற வயசுல இருக்கறவனுக்கு, படிக்கற பையனுக்கு, அரை நாள் வேலைக்குப் போற அம்மாவுக்கு, பென்ஷன்ல ஓட்டற பெரியவருக்கு மட்டும் அது எட்டாத மாதிரி வெச்சா எப்படி ஆள் வருவாங்க?

இத மாத்த முடியாதுன்னு இல்ல. நோவா ஸ்கோஷியால பாருங்க, அந்த மாகாணம் வாலண்டியருக்கு 500 டாலர் குடுக்குது, அது திருப்பித் தர்ற சலுகை, வரி கட்டினாலும் கட்டாட்டியும் 500 கைக்கு வரும். தொகை சின்னதுதான், ஆனா அந்தப் பையன் அங்க இருந்திருந்தா அன்னிக்கு ஸ்க்ரீன்ல நம்பர் அசைஞ்சிருக்கும். ப்ரிட்டிஷ் கொலம்பியாலயும் மாகாண அளவுல தனியா ஒண்ணு இருக்கு, 3,000-க்கு அவங்க விகிதப்படி 150 டாலர் பக்கம். எங்க ஒன்டாரியோல மாகாண வரில இதுக்குன்னு ஒரு லைனே கெடையாது. இவ்வளவு பெரிய மாகாணம், வடக்க போகப் போக வாலண்டியர் தவிர வேற யாருமே இல்லாத மாகாணம், ஒண்ணுமே இல்ல. இது எனக்கு ரொம்ப வருத்தம்.

இன்னொரு விஷயம், புதுசா சேந்தவங்க இதுல ஏமாந்துடாதீங்க. முனிசிபாலிட்டி நமக்கு குடுக்கற சின்னத் தொகைல முதல் 1,000 டாலருக்கு வரி விலக்கு இருக்கு, ஆனா அதையும் 31220-யையும் சேத்து எடுக்க முடியாது, ரெண்டுல ஒண்ணுதான். வரி கட்டற அளவுக்கு சம்பாதிக்கறவங்களுக்கு பெரும்பாலும் 31220 லாபம். சீஃப் லெட்டர ஃபைல் பண்ணும்போது அனுப்ப வேண்டாம், பத்திரமா வெச்சுக்கோங்க, வரித்துறை, அதான் ரெவன்யூ ஏஜென்சி, கேட்டா குடுக்கணும். கால் வந்து போறது மட்டுமில்ல, ஆன் கால்ல, அதாவது கூப்பிட்டா வரத் தயாரா, இருக்கறது, மீட்டிங், கட்டாய ட்ரெயினிங் எல்லாமே அந்த 200 மணில சேரும்.

இப்ப பணத்த விட்டுட்டு ஒரு ராத்திரியப் பத்தி சொல்றேன், ஏன்னா எதுக்கு ஆள் வேணும்னு அது தெரிஞ்சாதான் மிச்சம் புரியும்.

ரெண்டு வருஷம் முன்ன ஜனவரில, ராத்திரி ரெண்டே முக்கால். பேஜர் அடிக்குது, வெளிய மைனஸ் 22. சிம்னில புடிச்ச நெருப்பு மேல கூரைக்குள்ள போயிடுச்சு. டேஷ்போர்டு மேல பச்சை லைட்ட போட்டுக்கிட்டு கிளம்பினேன், ஒன்டாரியோல வாலண்டியருக்கு அந்தப் பச்சை லைட் வெச்சுக்க அனுமதி இருக்கு, அதப் பாத்து ஒதுங்கித்தான் ஆகணும்னு சட்டம் இல்ல, ஒரு மரியாதைக்கு வழி விடுவாங்க, தயவு செஞ்சு இத படிக்கறவங்க இனிமே பச்சை லைட் மினுக்கற கார பின்னாடி பாத்தா ஒதுங்கிடுங்க, அது யாரோ யார் வீட்டுக்கோ ஓடற வண்டி.

அந்த வீட்டுப் பக்கம் ஹைட்ரண்ட், அதான் தீயணைக்க தண்ணி எடுக்கற தெருவோரக் குழாய், கெடையாது. கிராமத்து ரோட்டுல எங்கயுமே கெடையாது. அதனால தண்ணிய நாம கொண்டு போகணும். வீட்டு முன்னாடி மடக்கற தொட்டி ஒண்ண விரிச்சு வெச்சு டாங்கர்ல கொண்டு வந்த தண்ணிய அதுல கொட்டுவோம், பம்பர்ங்கற பம்ப் வண்டி அதுலருந்து உறிஞ்சி ஹோஸுக்கு அனுப்பும், டாங்கர் திரும்ப ஏரிக்கு ஓடும், அதுக்குள்ள பக்கத்து ஊர் டாங்கர் வந்து கொட்டும், இப்படி மாத்தி மாத்தி. சங்கிலி அறுந்தா தண்ணி நின்னுடும், உள்ள ஹோஸ் புடிச்சுக்கிட்டு இருக்கறவங்க கதி என்ன ஆகும். என்னை ஏரிக்கரைல போட்டாங்க, டாங்கர் வந்தா கப்ளிங் மாட்டி நிரப்பணும், அனுப்பணும், அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு தடவையும் கழட்டும்போது சிந்தற தண்ணி கைல உறையும், கையுறை இரும்புலயே ஒட்டிக்கும், பிச்சு எடுக்கணும். நாலு மணி நேரம். எங்க கூட அன்னிக்கு பக்கத்து ரெண்டு ஊர்லருந்து வந்தவங்க எல்லாரையும் சேத்தாலும் ஆள் பத்தல, சாதாரணமா ரெண்டு பேர் நிக்க வேண்டிய ஏரிக்கரைல நான் பாதி நேரம் தனியாதான் நின்னேன்.

பாதி வீட்ட காப்பாத்தினோம். விடிஞ்சப்ப ஹோஸெல்லாம் உள்ள இருந்த தண்ணியோட உறைஞ்சு கம்பு மாதிரி நிக்குது, சுருட்டவே முடியாது, மரக்கட்டைய அடுக்கற மாதிரி பிக்கப்ல நீள நீளமா அடுக்கி ஹாலுக்கு கொண்டு போய் உருக வெச்சோம். எட்டரைக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங், ஆன்லைன்தான், பதினஞ்சு நிமிஷம் லேட்டா உள்ள போனேன். காரணம் சொன்னேன். அப்ப இருந்த மேலாளர், பேரெல்லாம் வேண்டாம், "உங்க ஹாபிய வீக்கெண்ட்ல வெச்சுக்கோங்க"ன்னார். எல்லாரும் கேக்கற மாதிரி. விரல்ல அப்ப வரைக்கும் உணர்ச்சி திரும்பல, மவுஸ புடிக்க முடியல, அந்த வார்த்தைதான் வலிச்சுது.

இதுலதான் நான் சொல்ல வர்ற விஷயம் இருக்கு. ஆள் கெடைக்காததுக்கு பணம் மட்டும் காரணம் இல்ல, பகல்தான் காரணம். ராத்திரி கால் வந்தா எங்க ஹால்ல பதினஞ்சு பேர் வந்துடுவோம். செவ்வாக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தா நாலு பேர், அதுல ரெண்டு பேர் ரிட்டயர்ட். பெரியவங்க சொல்றாங்க, அந்தக் காலத்துல ஊர்லயே மர மில்லு இருந்துச்சாம், சைரன் ஊதினா மில்லுலருந்தே எட்டுப் பேர் ஓடி வருவாங்களாம், முதலாளியே அனுப்பி வெப்பாராம், ஏன்னா அவர் மில்லும் இதே ஊர்லதான இருக்கு. இப்ப வேலையெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கற சிட்டில. அங்க இருக்கற முதலாளிக்கு இந்த ஊர் எங்க இருக்குன்னு கூட தெரியாது, அவர் எதுக்கு ஆள விடணும்?

ஜெர்மனில கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் வாலண்டியரா இருக்காங்க. அங்க சட்டமே இருக்கு, கால் வந்தா முதலாளி விட்டே ஆகணும், அந்த நேரத்து சம்பளத்த முதலாளி கேட்டா ஊராட்சி திருப்பிக் குடுத்துடும். யாருக்கும் நஷ்டம் இல்ல, யாரும் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். எனக்கு அந்த 840 டாலர விட இந்த மாதிரி ஒரு சட்டம் வந்தா போதும்னு தோணுது. அன்னிக்கு அந்த மேலாளர் அப்படி பேசியிருக்க முடியாது.

இதுக்கு மேல ட்ரெயினிங் வேற. ஒன்டாரியோல 2022-ல ஒரு விதி வந்துச்சு, வாலண்டியர் ஆனாலும் முழுநேரம் ஆனாலும் செய்யற வேலைக்குத் தகுந்த சான்றிதழ் வாங்கியே ஆகணும்னு, பெரும்பாலான வேலைக்கு அப்ப வெச்ச கெடு 2026 ஜூலை 1. நான் இதுக்கு எதிரி இல்ல. பத்திக்கிட்டு எரியற வீட்டுக்குள்ள போறவனுக்கு முழு ட்ரெயினிங் இருக்கணும், வாலண்டியர்னா நெருப்பு கம்மியா சுடாது. ஆனா அது நூத்துக்கணக்கான மணி நேரம், சாயங்காலமும் சனி ஞாயிறும்தான் அதுக்கு. நான் படிச்ச வருஷம் எம் பொண்ணோட நீச்சல் க்ளாஸுக்கு ஒரு சனிக்கிழமை கூட நான் போகல. வீட்லதான் எல்லாத்தையும் தூக்கி சுமந்தாங்க. நெருப்புக்கு ஓடறவனுக்கு லெட்டர் இருக்கு, லைன் நம்பர் இருக்கு, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பயந்துகிட்டு உக்காந்துட்டு காலைல குழந்தைய ஸ்கூலுக்குக் கிளப்பிட்டு தானும் வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. டேகேர் செலவுக்குன்னு ஒரு சின்னத் தொகை குடுத்தா கூட எங்க ஊர்ல மூணு பெண்கள் நாளைக்கே சேரத் தயாரா இருக்காங்க, எனக்கு அவங்களத் தெரியும்.

செத்தா குடுக்கற பணத்தப் பத்தியும் சொல்லிடறேன், சேரறதுக்கு முன்ன வீட்ல கேப்பாங்க. 2018-லருந்து ஃபெடரல் அரசாங்கம் நினைவு நிதின்னு ஒண்ணு வெச்சிருக்கு, பணியில இறந்தா குடும்பத்துக்கு 3 லட்சம் டாலர், வரி கெடையாது, வாலண்டியருக்கும் உண்டு. தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கற வேலைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-ல முதல் பிரிவுல சேத்துச்சு. ஒன்டாரியோல அதுக்கு முன்னருந்தே சில வகை புற்றுநோய் வந்தா அது வேலையால வந்ததாவே எடுத்துக்கணும்னு சட்டம் இருக்கு, அதுலயும் வாலண்டியர் சேந்தவங்கதான். இதெல்லாம் பெரிய விஷயம். எங்களுக்கு முன்ன இருந்தவங்க இதுக்காக வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு வாங்கினது.

அங்கீகாரம்னு வந்தா மெடல் ஒண்ணு இருக்கு. 1985-ல ஆரம்பிச்சது, இருவது வருஷ சேவைக்கு கவர்னர் ஜெனரல் பேர்ல குடுக்கறது, அதுல பத்து வருஷமாவது ஆபத்தான வேலைல இருந்திருக்கணும். போன வருஷம் எங்க ஹால்ல ஒருத்தருக்கு முப்பது வருஷத்துக்கான பட்டை வந்துச்சு, பால் பண்ணைக்காரர்தான். விழாவுக்கு கோட்டு போட்டுட்டு வந்திருந்தார், கை மட்டும் கோட்டுக்கு சம்பந்தமே இல்லாம வெடிச்சுப் போய் இருந்துச்சு, மெடல் குத்தினப்ப அத ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு கைய எடுத்துட்டார். அவங்க வீட்டம்மா முதல் வரிசைல அழுதாங்க. பணம் குடுத்தா போதும், மெடல்லாம் எதுக்குன்னு பேசறவங்க அந்த ரூம்ல இருந்திருக்கணும். ஆனா அதுக்கு இருவது வருஷம் இருக்கணுமே. முதல் மூணு வருஷத்துலயே நெறைய பேர் விட்டுட்டுப் போயிடறாங்க, அந்த மூணு வருஷத்துக்கு ஒருத்தர் தோள்ல தட்டிக் குடுக்க என்ன இருக்கு?

2013 ஜூலை 6-ந் தேதி கியூபெக்ல லாக்-மெகாந்திக்ல கச்சா எண்ணெய் ரயில் ஊருக்கு நடுவுல கவுந்து வெடிச்சு 47 பேர் போனாங்களே, முதல்ல போய் நின்னவங்க அந்த ஊர் ஆளுங்க, வேற வேலை பாத்துக்கிட்டே தீயணைப்புல இருந்தவங்க. செத்தவங்கள்ல அவங்களுக்குத் தெரியாதவங்க யாரு இருந்திருப்பாங்க, அவ்வளவு சின்ன ஊரு. 2024 ஜூலைல ஆல்பர்ட்டா மாகாணத்துல ஜாஸ்பர்ங்கற ஊர் காட்டுத்தீல எரிஞ்சப்ப ஊர்ல இருந்த கட்டடத்துல மூணுல ஒரு பங்கு போச்சு, அங்க வாலண்டியர் பிரிகேட்ல இருந்த சிலர் மத்தவங்க வீட்டுக்கு தண்ணி அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவங்க சொந்த வீடு போயிடுச்சு. இத எழுதும்போதே எனக்கு கை நிக்குது. அப்படிப்பட்டவங்களுக்கு இந்த நாடு வருஷத்துக்கு 840 டாலர், அதுவும் வரி கட்டினா மட்டும்.

நான் எங்க எம்பிக்கும் மாகாண சட்டமன்ற உறுப்பினரான எம்பிபிக்கும் தனித்தனியா லெட்டர் போட்டிருக்கேன். கேட்டது நாலு விஷயம்தான். ஃபெடரல் சலுகைய திருப்பித் தர்றதா மாத்துங்க, விகிதம் இறங்கினாலும் 900-க்கு கீழ போகாம பாத்துக்கோங்க, ஒன்டாரியோ தன் பங்குக்கு ஒரு லைன் போடட்டும், பகல்ல ஆள விடற முதலாளிக்கு அந்த நேரத்துக்கான சம்பளத்த ஈடு கட்டுங்க. பதில் வந்தா இங்கயே போடறேன். நீங்களும் எழுதணும்னு நெனச்சா கமெண்ட்ல சொல்லுங்க, நான் எழுதின லெட்டர அப்படியே அனுப்பறேன், ஊர் பேர மட்டும் மாத்திக்கோங்க.

இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கு. பேரி, ஒரில்லியா, லிண்ட்சே, பீட்டர்பரோன்னு நம்ம குடும்பங்க இப்ப எங்கெங்கயோ வீடு வாங்கிப் போயிட்டு இருக்கீங்க, அந்தப் பக்கம் சின்ன ஊர் எது எடுத்தாலும் ஹால்ல ஆள் தேவைன்னு போர்டு இருக்கும். எனக்கு இங்கிலீஷ் சரளமா வராதே, பனில பழக்கம் இல்லயே, உள்ள போக பயமா இருக்கேன்னு யோசிக்காதீங்க. எல்லாரும் எரியற வீட்டுக்குள்ள போறதில்ல. டாங்கர் ஓட்ட ஆள் வேணும், பம்ப் பாக்க ஆள் வேணும், ஏரிக்கரைல என் கூட நிக்க ஒரு ஆள் வேணும். நான் சேந்த வருஷம் எங்க ஹால்ல வெள்ளைக்காரர் இல்லாத ஒரே ஆள் நான், இப்ப நாங்க மூணு பேர், ஒருத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், பம்ப் விஷயத்துல அவரத்தான் எல்லாரும் கேக்கறாங்க.

அந்தப் பையனுக்கு விஷயத்த எடுத்துச் சொன்னேன். பொறுமையா கேட்டுக்கிட்டான், சரின்னான், லெட்டர மறுபடி அதே கவர்ல போட்டுக்கிட்டான். அடுத்த மாசம் அவனுக்கு சான்றிதழ் பரீட்சை, நான்தான் கேள்வி கேட்டு தயார் பண்றேன்.

எங்க ஹால்ல ட்ரெயினிங் புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, பெரும்பாலான ஊர்லயும் வாரத்துல ஒரு நாள் இப்படித்தான் இருக்கும். போய்ப் பாக்கறவங்க பெரிய கதவு முன்னாடி மட்டும் கார நிறுத்தாதீங்க, வண்டி எப்ப வேணா வெளிய வரும். பக்கவாட்டுல சின்னக் கதவு இருக்கும், அது தொறந்துதான் இருக்கும்.